மதில் யார் காசில்? கொழும்பில் எல்லை மதிலுக்கும் தாங்கு சுவருக்கும் ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீடு தெஹிவளையில் ஒரு ஒழுங்கைக்குள். ஒன்பது பேர்ச்சஸ் காணி. பின்வளவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒழுங்கை முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மதிலுக்கு அங்காலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, உங்கட மதில் எங்கட கிணத்தடிக்கு வரப் பாக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ." சுற்றிப் போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கம் நின்று பார்த்தால் நாலரை அடி மதில், அவர் முற்றத்தில் நின்று பார்த்தால் ஏழரை அடி, நடுவில் ஒரு சாண் அளவுக்கு வயிறு தள்ளி, அடியில் செம்மண் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "பாதி பாதி போடுவம் மாஸ்டர்." அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அடுத்த நாலு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை.

நான் விட்ட பிழை காசை முதலில் பேசியது. மதில் தகராறில் காசு கடைசியாக வரவேண்டிய சாமான். முதலில் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியவேண்டும், பிறகு மண் மட்டத்தை யார் மாற்றினார் என்று, பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று. இந்த மூன்றும் தெளிந்தால் யார் எவ்வளவு என்பது பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும். கீழே எழுதுவது அந்த ஒழுங்கில்தான். நடுவில் நான் படித்த பாடங்களும் வரும்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்தச் சுவர்?

எல்லை மதில் வேறு, தாங்கு சுவர் வேறு. மதிலின் வேலை மறைப்பதும் பிரிப்பதும். அதைத் தள்ளுவது காற்று மட்டும்தான், நாலு அங்குலம் ஆறு அங்குல பிளொக் கல்லும் இடையிடையே தூணும் போதும். தாங்கு சுவர், மேசன் வேலை செய்கிற பாஸ்மார் ரிட்டேனிங் வோல் என்று சொல்வது, ஒரு பக்க மண்ணை அணைத்துப் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் நிலம் ஒரே மட்டமாக இல்லாமல் ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நீங்கள் மதில் என்று கூப்பிட்டாலும் அந்தச் சுவரின் கீழ்ப்பகுதி தாங்கு சுவர்தான். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான்: மறைப்புக்குக் கட்டிய ஆறு அங்குலச் சுவர் மூன்றடி மண்ணை வருடக்கணக்காகச் சுமந்திருக்கிறது. விழாமல் நின்றதே பெரிய விஷயம்.

அதனால் ஒரு நாடாவை எடுத்து இரண்டு பக்கத்து உயரத்தையும் அளந்து எழுதுங்கள். மதிலின் உச்சியிலிருந்து உங்கள் நிலம் வரை ஒன்று, உச்சியிலிருந்து அவர் நிலம் வரை ஒன்று, பத்தடிக்கு ஒரு இடம் வீதம். அந்த வித்தியாசம்தான் பின்னால் வரப்போகிற எல்லாப் பேச்சுக்கும் அடிப்படை. பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொண்டு அளந்தால் இன்னும் நல்லது, பிறகு நாடா பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

கோடு

யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை என்றால் கதியால் நகருகிற கதைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், வருடா வருடம் வேலி அடைக்கும்போது ஒரு விரற்கடை அங்கால் தள்ளிக் கதியால் நடுவது. கொழும்பில் கொங்கிரீட் நகராது என்று நினைக்கிறோம். நகரும். பழைய மதில் விழுந்து, பாஸ் புதிய அத்திவாரத்தைப் "கொஞ்சம் நேராக்கி" வெட்டுகிற அன்றைக்கு அது நகர்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. அறுபது அடி நீள எல்லையில் ஆறு அங்குலம் தள்ளினால் 30 சதுர அடி, அதாவது 0.11 பேர்ச்சஸ். பேர்ச்சஸ் ஐம்பது லட்சம் என்று வைத்தால் அந்த ஆறு அங்குலம் ஐந்தரை லட்சம் ரூபாய். மதிலே அந்த விலைக்கு முடியலாம்! ஆறு அங்குலத்துக்கு ஏன் இப்படி அடிபடுகிறார்கள் என்று சிரிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியது: காணி உறுதியை எடுங்கள், அதன் அட்டவணையில் எந்தப் பிளானை, எந்தத் திகதியை, எந்த நில அளவையாளரைச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை என்று எழுதிய எல்லைகளைப் பிளானோடு ஒப்பிடுங்கள். பிறகு உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரைக் கூப்பிட்டு அந்தப் பிளானை நிலத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் உரிமம் உள்ளவராக இருக்கவேண்டும். "அளந்து தரத் தெரிந்த பெடியன்" வேண்டாம், நீதிமன்றத்தில் அந்தப் படத்துக்கு ஒரு சதப் பெறுமதியும் இல்லை. முடிந்தால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே சர்வேயரைப் பிடித்துக் கூலியைப் பாதி பாதி போடுங்கள். இந்த முழு விவகாரத்தில் பாதி பாதி என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

அளந்து முடிந்ததும் மூன்றில் ஒன்று தெரியும். சுவர் முழுக்க உங்கள் காணிக்குள் இருக்கிறது, அப்படியென்றால் அது உங்கள் சுவர், திருத்தமும் உங்களுடையது, பக்கத்தார் அதில் ஆணி அடிக்கவும் உங்களைக் கேட்கவேண்டும். முழுக்க அவர் காணிக்குள் இருந்தால் மறுவளம். கோட்டின் மேல் பாதி அங்கால் பாதி இங்கால் ஏறி நின்றால் அது இருவருக்கும் பொதுவான சுவர், பராமரிப்பும் இருவர் தலையில், ஒருவர் மற்றவரைக் கேட்காமல் இடிக்கவோ உயர்த்தவோ கூடாது. இலங்கையில் காணி விஷயங்களுக்கு அடித்தளமாக ஓடுகிற ரோமன் டச்சுச் சட்டம் எல்லையின் மேல் நிற்கிற சுவரை இப்படித்தான் பார்க்கிறது.

இரண்டு எச்சரிக்கை. உறுதியில் "பிரிபடாத பங்கு" என்று இருந்தால், உங்களுக்கும் பக்கத்தில் இருக்கிற சித்தப்பா பிள்ளைகளுக்கும் இடையில் சட்டப்படி எல்லையே இன்னும் பிறக்கவில்லை, மதில் பேச்சுக்கு முன் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டம் என்ற பெரிய கதவு இருக்கிறது. அடுத்தது, மதில் பிழையான இடத்தில் நின்றாலும் பத்து வருடத்துக்கு மேல் எதிர்ப்பில்லாமல், சொந்தம் என்று ஆண்டிருந்தால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின் கீழ் மறுபக்கத்தார் உரிமை கோரப் பார்க்கலாம். ஆகவே பழைய மதிலை இடித்த மறுநாளே பிளானில் உள்ள கோட்டுக்குத் தாவாதீர்கள். பழைய மதில் எங்கே நின்றது என்பதைப் படம் எடுத்து, சர்வேயரைக் கொண்டு பிளானில் குறித்துவிட்டுத்தான் இடிக்கவேண்டும்.

மட்டம்: யார் வெட்டினார், யார் நிரப்பினார்

தாங்கு சுவரின் செலவை முடிவு செய்வது இந்தக் கேள்விதான், மற்றதெல்லாம் சில்லறை.

விஷயம் எளிது. பக்கத்துக் காணி உங்கள் மண்ணுக்குக் கொடுக்கிற இயல்பான பக்கத் தாங்குதல் உங்கள் உரிமை. அவர் தன் பக்கத்தை வெட்டித் தாழ்த்தினால், உங்கள் மண் சரியாமல் பார்ப்பது அவர் பொறுப்பு, தாங்கு சுவர் அவர் செலவு. அதே நியாயம் மறுபக்கமும் ஓடும். நீங்கள் மண் கொட்டி உங்கள் முற்றத்தை உயர்த்தியிருந்தால், அந்தக் கொட்டிய மண்ணை உங்கள் காணிக்குள் நிறுத்தி வைப்பது உங்கள் வேலை. கீழே இருக்கிறவருக்கு அதில் ஐந்து சதம் கடமை கிடையாது. இயற்கையாகவே சரிந்த நிலம், யாரும் தொடவில்லை என்றால், அப்போதுதான் இருவரும் உட்கார்ந்து பங்கு பேசவேண்டும்.

கொழும்பில் பெரும்பாலும் நடந்திருப்பது நிரப்புதல். வீதிக்குக் கார்ப்பெட் போடப் போட வீதி உயர்கிறது, மழைத் தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது, ஒரு வீட்டுக்காரர் நிரப்புகிறார், இப்போது தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகிறது, அவரும் நிரப்புகிறார். கொலன்னாவ, வத்தளை, கோட்டே பக்கம் சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டிய வளவுகளில் இந்தப் போட்டி முப்பது நாற்பது வருடமாக ஓடுகிறது. யார் முதலில் நிரப்பினார் என்பதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதாவது, மற்றவர் நிரப்பியதை மறக்கமாட்டார்கள்.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? நிலம் பொய் சொல்லாது. பழைய தென்னை மரத்தின் அடியைப் பாருங்கள், வேர் மூட்டு வெளியே தெரியாமல் குழாய் நட்டதுபோல் மரம் நேரே மண்ணுக்குள் போனால் அங்கே மண் கொட்டியிருக்கிறார்கள். வேர் அந்தரத்தில் தொங்கினால் வெட்டியிருக்கிறார்கள். பழைய கிணற்றுக் கட்டு முழங்கால் உயரம்தான் இருந்தால் சந்தேகப்படுங்கள். மதில் ஓரமாக ஒரு குழி தோண்டினால் கீழே பழைய கறுத்த மேல்மண், அதற்கு மேல் செங்கிராவல் என்று படை படையாகத் தெரியும், சில இடத்தில் பழைய முற்றத்துச் சீமெந்துத் தரையே அகப்படும். கலியாண அல்பங்களைத் தேடுங்கள், முற்றத்தில் நின்று எடுத்த படத்தில் பின்னால் மதில் எத்தனை கல் உயரம் என்று எண்ணலாம். கூகுள் ஏர்த்தில் பழைய வருடத்துப் படங்கள் மட்டத்தைக் காட்டாது, ஆனால் எந்த வருடத்தில் எந்தக் கட்டடம் வந்தது என்பதைக் காட்டும்.

என் விஷயத்தில் பதில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளேயே இருந்தது. மாஸ்டர்தான் முற்றத்தை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார் என்று நான் சத்தியம் பண்ணாத குறை. பிறகு ஒருநாள் அப்பாவின் பழைய செலவுக் கொப்பி ஒன்று கையில் அகப்பட்டது. நீல மையில், 1996, "பின் முற்றம் மண் 22 கியூப்", பக்கத்தில் டிப்பர்காரனுக்குக் கொடுத்த தேநீர்க் காசு உட்பட. 22 கியூப் என்றால் 2,200 கன அடி. எங்கள் பின் முற்றத்துக்கு அது கிட்டத்தட்ட மூன்றடி. கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்புறம் மாஸ்டர் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியும் தம்பி, அண்டைக்கு அந்த டிப்பர் ரிவேர்ஸ் எடுத்துத்தான் எங்கட மாமரத்தில இடிச்சது. உங்கட அப்பாட்ட நான் ஒண்டும் கேக்கேல்லை."

தண்ணீர்

கொழும்பில் தாங்கு சுவர் சாய்வதற்கு மண்ணை விடத் தண்ணீர்தான் பெரிய காரணம். பாஸ்மாரில் பாதிப்பேர் இதைக் கவனிக்கமாட்டார்கள், அதனால் நீங்கள் தெரிந்து வைத்திருக்கவேண்டும். மூன்றடி உயர மண் காய்ந்திருக்கும்போது ஒரு மீட்டர் நீளச் சுவரைத் தள்ளுவது சுமார் 250 கிலோ பாரத்துக்குச் சமம். அதே மண்ணுக்குள் மேல்வரை தண்ணீர் நிரம்பி நின்றால் அது 500 கிலோவைத் தாண்டும். உயரம் இரட்டித்து ஆறடியானால் இந்த எண்கள் நாலு மடங்கு. சுவர் தை மாதத்தில் அசையாமல் நின்று ஐப்பசியில் சாய்வதன் கணக்கு இதுதான். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே தண்ணீருக்குள் நின்ற ஊர் இது. ஒரு பிளொக் கல் மதிலுக்குப் பின்னால் எவ்வளவு தேங்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே சுவரில் கசிவுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், பாஸ் அதை வீப் ஹோல் என்பார். இரண்டு மூன்று அங்குல பிவிசி குழாய், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, சுவரின் அடிப்பக்கமாக, பின்னால் சல்லிக்கல் படை, மண் வந்து அடைக்காமல் வடிதுணி. துளை இல்லாத தாங்கு சுவர் சாய்ந்தால் கட்டியவர் பிழை. துளை இருந்தும் கீழ்வீட்டுக்காரர் "எங்கட பக்கம் தண்ணி ஒழுகுது" என்று சீமெந்து வைத்து அடைத்திருந்தால் கதை மாறுகிறது, செலவில் அவருக்கும் பங்கு வரும். அடைத்த துளையைக் கண்டால் திறப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

இயல்பாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற மழைநீரைக் கீழ்க்காணி ஏற்கத்தான் வேண்டும். ஆனால் கூரைப் பீலியைச் சேர்த்துக் குழாயால் பக்கத்து வளவுக்குள் இறக்க உங்களுக்கு உரிமை இல்லை, அப்படி ஒரு உரிமை வேண்டுமென்றால் உறுதியில் எழுதியிருக்கவேண்டும், அல்லது பத்து வருடத்துக்கு மேல் எதிர்ப்பில்லாத பாவனையால் வந்திருக்கவேண்டும். மதில் சாய்கிறது என்று வருகிற முறைப்பாடுகளில் எத்தனையோ இடத்தில் குற்றவாளி மதிலடியில் முடிகிற ஒரு பீலிக் குழாய்தான்.

ஒருவரை ஒருவர் நம்பாமல் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு மதில் கட்டி நடுவில் ஆறு அங்குல இடைவெளி விடுவதையும் பார்த்திருக்கிறேன். அதற்குள் குப்பை, எலி, தேங்கிய தண்ணீர். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007இல் வந்த சட்டத்தின் கீழ், சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பி கண்டால் நோட்டீஸ் வரும்.

இப்போது காசு

சுவரை இரண்டாகப் பிரித்து விலை கேளுங்கள். தாங்குகிற பகுதிக்கு ஒரு விலை, அதற்கு மேல் மறைப்புக்கு எழுகிற மதிலுக்கு ஒரு விலை. "எல்லாம் சேத்து ஒரு கொந்தராத்து" என்று பாஸ் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்த ஒற்றை எண்ணில்தான் சண்டை பிறக்கிறது. உதாரணத்துக்கு மொத்தம் பத்து லட்சம், அதில் தாங்கு சுவர் ஏழு, மேல் மதில் மூன்று என்று வையுங்கள். மட்டத்தை மாற்றியவர் ஏழையும் போடுகிறார். மேல் மதில் இருவருக்கும் மறைப்பு, அதில் ஆளுக்கு ஒன்றரை. ஆக எட்டரை, ஒன்றரை. பாதி பாதி என்று நான் கேட்டதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

வேறு சில நிலைமைகள். சமதரை, எல்லை தெளிவு, நீங்கள்தான் புது மதில் ஆசைப்படுகிறீர்கள், அவருக்குப் பழைய தகர வேலி போதும் என்றால், உங்கள் காணிக்குள் உங்கள் காசில் கட்டுங்கள். எழுத்தில் ஒப்பாத ஒருவரிடம் பாதிக் காசை வழக்குப் போட்டு வாங்கலாம் என்று நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அப்படிக் கட்டும்போது அத்திவாரமும் உங்கள் பக்கமே இருக்கவேண்டும். சுவரின் முகம் கோட்டில் இருந்து, அடியில் கொங்கிரீட் பாதம் ஒரு அடி அங்கால் நீட்டினால் அது ஆக்கிரமிப்பு. ஒரு பக்கம் மட்டும் நீளுகிற பாதமாகப் போடச் சொல்லுங்கள். அவர் சாதாரண மதில் போதும் என்கிறார், நீங்கள் டைல் பதித்த அலங்கார மதில் கேட்கிறீர்கள் என்றால், சாதாரண மதிலின் பாதிதான் அவர் பங்கு, மிச்சம் உங்கள் ஆசைக்கு. அவர் வாகனம் இடித்து விழுந்தால் முழுக்க அவர். வாடகைக்கு இருக்கிறவரிடம் இதைப் பேசிப் பயனில்லை, உரிமையாளர் கனடாவில் இருந்தாலும் அவரைத்தான் பிடிக்கவேண்டும். இங்கே அவருக்கு அற்றோர்னி தத்துவம் வைத்திருக்கிறவர் யார் என்று விசாரியுங்கள்.

காசு இல்லை என்று ஒருவர் சொல்வதும் மறுப்பதும் ஒன்றல்ல. மாதாமாதம் கொடுக்கிறேன் என்றால், சீமெந்தை நான் வாங்குகிறேன் கூலி உங்களது என்றால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சுவர் விழுந்தால் வட்டியை விடப் பெரிய செலவு.

எழுத்தில் போடுங்கள், ஆனால் எது நொத்தாரிசிடம் போகவேண்டும் என்று தெரிந்து போடுங்கள்

செலவைப் பங்கிடுகிற உடன்பாட்டுக்கு ஒரு சாதாரணக் கடிதம் போதும்: இரண்டு பேர் பெயர், பிளான் இலக்கம், சுவரின் நீளம் உயரம், யார் எவ்வளவு எப்போது, பிற்காலத் திருத்தம் யாருடையது, துளைகளை யாரும் அடைக்கக்கூடாது என்ற ஒரு வரி, இரண்டு சாட்சி. அளந்த படத்தின் பிரதியைப் பின்னால் குத்துங்கள். ஆனால் எல்லைக் கோட்டையே மாற்றுகிறீர்கள், ஒரு கீற்று நிலத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள், தண்ணீர் வடிய நிரந்தர உரிமை கொடுக்கிறீர்கள் என்றால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசு முன் உறுதியாக எழுதப்படவேண்டும், இல்லாவிட்டால் காற்றில் எழுதியதுதான். கிராம அலுவலர் முன்னிலையில் கையெழுத்து வைத்தோம் என்று சொல்வார்கள். நல்ல சாட்சி, உறுதி ஆகாது.

காலக்கெடுவையும் மனதில் வையுங்கள். எழுத்து ஒப்பந்தத்தில் வரவேண்டிய காசுக்கு ஆறு வருடத்துக்குள், வாய்ப்பேச்சு என்றால் மூன்று வருடத்துக்குள், மதில் விழுந்து ஏற்பட்ட சேதத்துக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்கு வைக்கவேண்டும். "பாப்பம், பாப்பம்" என்று இரண்டு மழைக்காலத்தை விட்டவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

அனுமதி

இது பலர் தாண்டிப்போகிற இடம், சுருக்கமாகச் சொல்கிறேன். தொடங்குமுன் உங்கள் மாநகர சபையிலோ நகர சபையிலோ மதிலுக்கு அனுமதி எடுங்கள். வீதியோரம் என்றால் வீதிக் கோட்டுச் சான்றிதழும் எடுங்கள், நாளைக்கு வீதி அகலிக்கும் கோட்டுக்குள் கட்டிய மதிலுக்கு நட்டஈடு பேச முடியாது. வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனை வாய்க்கால் ஓரக் காணி, அல்லது தாழ்நிலத்தை நிரப்புகிற வேலை என்றால் முன்பு காணி மீட்புக் கூட்டுத்தாபனம் என்று இருந்த இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் சம்மதமும் தேவைப்படும். நாலைந்து அடிக்கு மேல் மண்ணைத் தாங்கப்போகிறீர்கள் என்றால் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் வரைபடம் இல்லாமல் தொடங்காதீர்கள், அந்தக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு துண்டு.

பக்கத்தில் தொடர்மாடி எழும்பினால்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைக்காரருக்கு இது தனிப் பிரச்சினை. பழைய வீட்டை உடைத்து நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்குப் பத்து அடி தோண்டுகிறார்கள், உங்கள் மதில் அந்தக் குழியின் விளிம்பில். இங்கே யார் காசு என்ற கேள்வியே கிடையாது, தோண்டுகிறவர் பொறுப்பு. உங்களிடம் இருக்கவேண்டியது ஆதாரம் மட்டும். பைலிங், அதாவது அத்திவாரத் தூண் இறக்கும் வேலை, தொடங்குமுன் வெடிப்புக் கணக்கெடுப்பு செய்யச் சொல்லிக் கட்டுமானக்காரருக்குக் கடிதம் கொடுங்கள்: உங்கள் வீட்டின் ஒவ்வொரு சுவரும் படம் எடுத்து, இருக்கிற வெடிப்புகளை அளந்து, இரு பக்கமும் கையெழுத்து. மூன்றாம் தரப்புச் சேதத்துக்கான காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியையும் கேளுங்கள். நிலம், அதிர்வு, சரிவு பற்றிச் சுயாதீன அபிப்பிராயம் வேண்டுமென்றால் ஜாவத்தை வீதியில் உள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை நாடலாம். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் திகதி எழுதி வைப்பது பழைய முறை, செலவில்லாத முறை. வெடிப்பு விரிந்தால் கண்ணாடி உடையும். மதிலடி மண் சரியத் தொடங்கிவிட்டால் கடிதத்தோடு நிற்காதீர்கள், மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம், மறுதரப்பு வருமுன்பே 14 நாள் வரைக்கான உடனடித் தடை கிடைக்க வழி இருக்கிறது.

பேச்சு முறிந்தால்

முதலில் செய்யக்கூடாதது: இரவோடு இரவாக இடிப்பது, எல்லைக் கல்லைப் பிடுங்குவது, அவர் வளவுக்குள் கேட்காமல் ஆள் இறக்குவது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த இரவோடு அது குற்ற வழக்காகிவிடும்.

கையெழுத்திட்ட ஒரு கடிதம், பதிவுத் தபாலில், இரண்டு வாரத் தவணை கொடுத்து. பதில் இல்லையா, மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, அங்கே லோயர் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேசவேண்டும். மூன்று பேர் கொண்ட குழு, நீங்கள் ஒருவரைத் தெரிவு செய்கிறீர்கள், அவர் ஒருவரை, அந்த இருவரும் மூன்றாமவரை. கொழும்பில் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும், தமிழில் பேசக்கூடிய ஒருவரைத் தெரிவு செய்ய முதலிலேயே கேளுங்கள். தொகை சட்டத்தில் சொன்ன வரம்புக்குள் இருந்தால், அங்கே தீர்வு எட்டவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் சிவில் வழக்கே வைக்க முடியாது. வரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால் போகுமுன் விசாரியுங்கள். என் அபிப்பிராயம், மதில் விஷயத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பிளானும் படங்களும் இரண்டு விலைப்பட்டியலும் கொண்டு போனவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றோடு திரும்பி வருகிறார்கள், கோபத்தை மட்டும் கொண்டு போனவர்கள் அதோடேயே வருகிறார்கள்.

கைகலப்பு வரும்போல் இருந்தால் பொலிசில் முறைப்பாடு போடுங்கள். காணித் தகராறில் அமைதி குலையும் என்று பொலிஸ் கருதினால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதவான் முன் வைப்பார்கள், நீங்களாகவும் வைக்கலாம். அங்கே காணி யாருடையது என்று பார்க்கமாட்டார்கள், யார் கையில் இருந்தது என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும், இந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டுப் பிறகு அழுகிறவர்கள் நிறைய. அதற்கும் மேலே புதுக்கடையில் மாவட்ட நீதிமன்றம், எல்லையை நிர்ணயிக்கும் வழக்கு, ஆணையாளராகச் சர்வேயர், வருடக்கணக்கு. சில வேளை வேறு வழி இருக்காது. ஆனால் ஐந்து லட்ச ரூபாய் மதிலுக்கு அங்கே போகுமுன், போய்வந்த ஒருவரோடு ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போங்கள்.

வேலை நடக்கும் நாட்கள்

தை முதல் பங்குனி நடுப்பகுதி வரை கொழும்பில் மழை குறைவு, வெட்டுவதற்கு அதுதான் காலம். முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டவிடாதீர்கள், எட்டுப் பத்தடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று. பழைய சுவரை இடிக்குமுன் மேல்பக்கத்து மண்ணை இறக்குங்கள், மறுபக்கம் முட்டுக் கொடுங்கள், அந்தப் பக்கத்துக் குழந்தைகளை மதிலடிக்கு வரவேண்டாம் என்று நேரே போய்ச் சொல்லுங்கள். புதுச் சுவருக்குப் பின்னால் நிரப்புகிற மண்ணை ஒரு சாண் படைகளாகப் போட்டு இடித்து இறுக்கச் சொல்லுங்கள், டிப்பரிலிருந்து நேரே கொட்டினால் முதல் மழையில் அது ஊறி இறங்கும்.

நாங்கள் மாசி மாதம் தொடங்கினோம். தாங்கு சுவர் கருங்கல்லில், என் காசில், எங்கள் காணிக்குள். மேல் மதிலில் மாஸ்டர் பாதி தருவேன் என்று பிடிவாதமாக நின்றார், வாங்கிக்கொண்டேன், கடிதமும் எழுதினோம். துளைக் குழாய்கள் அவர் பக்கம் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன. அதன் கீழே ஒரு சிறு கான் கட்டித் தண்ணீரைத் தன் மாமரத்தடிக்குக் கொண்டு போகவேண்டும் என்றார், அதற்கு மூன்று மூட்டைச் சீமெந்து என் கணக்கில் போனது.